பார்க்கும் முன் சொல்

மருமகன்,

உன் அக்கா கட்டாரிலிருந்து அனுப்பிய மணிக்கூடு கையில் ஏறிய நாள் முதல் நீ ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். "மாமா, இதில வாற இதயத்துடிப்பைப் பார்த்து ஓடுறதா, உடம்பு சொல்றபடி ஓடுறதா?" நல்ல கேள்வி. போகிற போக்கில் பதில் சொன்னால் உனக்கு உதவாது. கல்லடிக் கடற்கரையிலும் வாவிக்கரை வீதியிலும் வெபர் மைதானத்திலும் ஓட வந்த எத்தனையோ பொடியன்மாரை நான் பார்த்திருக்கிறேன். நல்ல கால்கள் இருந்தும் ஒரே வருடத்தில் விட்டுப் போனவர்கள் உண்டு. சாதாரணக் கால்களோடு நரை விழும்வரை ஓடியவர்களும் உண்டு. இவர்களை வேறுபடுத்தியது எது என்று பல காலம் யோசித்ததில் எனக்குள் சேர்ந்தவற்றை எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

1. பார்க்கும் முன் சொல். மணிக்கூட்டைத் திருப்புவதற்கு முன், இந்த நேரம் என் இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கும் என்று மனதுக்குள் ஒரு எண்ணைச் சொல். அதற்குப் பிறகு பார். முதல் கிழமைகளில் இருபது, முப்பது பிசகும். பிசகட்டும், கவலைப்படாதே. மாதங்கள் போகப் போக நீ சொல்வதும் அது காட்டுவதும் நெருங்கி வரும். உன் அம்மம்மா கண்ணால் பார்த்தே உலையில் அரிசி போடுவார், ஒரு நாளும் கூடாது, குறையாது. ஆனால் அந்தக் கண்ணுக்கு அளவு பழக்கியது சுண்டு. இளம் வயதில் சுண்டால் அளந்து அளந்து போட்டதால்தான் பிறகு சுண்டு தேவைப்படாமல் போனது. உன் கையில் இருக்கும் மணிக்கூட்டை அந்தச் சுண்டாக வைத்துக்கொள். நான் சொல்ல வந்ததில் பெரிய பகுதி இதுதான்.

2. உணர்வை இளக்காரமாக எண்ணாதே. "உடம்பு சொல்வது" என்றால் ஏதோ படிக்காதவர்களின் வழி என்று உன் கூட்டாளிகள் நினைக்கிறார்கள். குன்னார் போர்க் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் 1960களில் அதற்கே ஒரு அளவுகோல் செய்தார். 6இல் தொடங்கி 20இல் முடியும். 6 என்றால் சும்மா இருப்பது, 11 இலேசு, 13 கொஞ்சம் கடினம், 15 கடினம், 17 மிகக் கடினம், 20 என்றால் இனி ஒரு அடி ஏலாது. 1இல் தொடங்காமல் 6இல் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. ஆரோக்கியமான ஒரு இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அவருடைய இதயத்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும்: ஓய்வில் 60, உச்சத்தில் 200. யோசித்துப் பார், மனிதர் தாம் படும் பாட்டை வாயால் சொல்ல, இதயம் அதை ஏறக்குறைய ஆமோதிக்கிறது. இன்றும் இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் இடங்களில் இந்த அளவுகோல் பயன்படுகிறது. 11, 13, 17 ஆகிய மூன்றும் உடம்பில் எப்படி இருக்கும் என்று முதலில் பழகு. மற்ற எண்கள் தாமாகவே இடையில் வந்து உட்காரும்.

3. வயதைக் கழித்து வரும் எண்ணை வேதமாக்காதே. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்று மணிக்கூடு கணக்குப் போடுகிறது. 1971இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கணக்கு அது. பலரின் சராசரியைத் தொட்டுக் காட்டும், அவ்வளவுதான். தனி ஆளை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம். 2001இல் தனாகா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வேறொரு கணக்குச் சொன்னார்கள்: வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்க வேண்டும். இருபது வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 200, இரண்டாவதில் 194. அறுபது வயதுக்காரருக்கு 160, 166. ஒரே வயதில் இரண்டு பேர், ஒரே வேகம், இருவரும் கதைத்துக்கொண்டே ஓடுகிறார்கள். ஒருவர் கையில் 148, மற்றவர் கையில் 170. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 170 காட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் இதயம் சிறிது வேகமாக அடிக்கும் இதயம். பிறத்தியாரின் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெருமைப்படவும் வேண்டாம்.

கொஞ்சம் நெருங்கிய கணக்கு வேண்டுமென்றால் பின்லாந்தின் கார்வோனன் 1957இல் சொன்ன வழி இருக்கிறது. அதில் உன் ஓய்வுத் துடிப்பும் சேரும். ஓய்வில் 60, உச்சத்தில் 200 என்று வை. இடையில் 140. அதில் நூற்றுக்கு அறுபது 84. அதை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 144. உன் இலேசான ஓட்டம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனி.

4. நாடி பிடிக்கப் பழகு. மணிக்கூட்டின் சார்ஜ் தீரும், கண்ணாடி வெடிக்கும், விரல்கள் உன்னோடு இருக்கும். விடிய எழும்பியதும் பாயில் படுத்தபடியே, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மறு கையின் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் வை. பெருவிரலால் பிடிக்காதே, அதற்குள்ளும் ஒரு துடிப்பு உண்டு, அது குழப்பும். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்கு. கழுத்தில் பார்ப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், மெதுவாக. இரண்டு பக்கமும் சேர்த்து அமத்தக் கூடாது. எண்ணை ஒரு கொப்பியில் எழுது. பக்கத்தில் முந்திய இரவு நித்திரை எப்படி என்று ஒரு சொல். ஒரு மாதம் எழுதினால் உன் உடம்பின் வழக்கம் உனக்குத் தெரிந்துவிடும். முந்திய தலைமுறையில் ஊர்ப் பரியாரியார் நாடி பார்த்து ஆளைப் படித்தார். அந்தப் பொறுமையில் கால் பங்கு உனக்கிருந்தால் போதும்.

5. மணிக்கூடு எப்போது பிழையாகச் சொல்லும் என்று தெரிந்து வை. அதன் அடியில் பச்சை வெளிச்சம் மின்னுகிறதே, அது தோலுக்குள் போய், துடிப்போடு கூடிக் குறையும் இரத்தத்தின் அளவைப் பார்த்து எண்ணுகிறது. வார் தளர்ந்திருந்தால், வியர்வையில் வழுக்கினால், கை ஆடும் தாளத்தை இதயத்தின் தாளமாக எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170, 180 அடி வைத்து ஓடும்போது அதே எண்ணைத் துடிப்பாகக் காட்டினால் சந்தேகப்படு. சுகமாக மூச்சு விடுகிறாய், அதுவோ 178 என்கிறது என்றால், மூச்சை நம்பு. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, இறுக்கமாகக் கட்டு. நெஞ்சில் கட்டும் பட்டி இதயத்தின் மின் அசைவை நேரே பிடிப்பதால் அதற்கு இந்தக் குழப்பம் குறைவு. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாமல் துடிப்பைக் கைக்கு அனுப்பும் கருவியைக் கொண்டுவந்ததும் நெஞ்சுப் பட்டியோடுதான். உனக்கு இப்போது அது தேவையில்லை. அந்தக் காசுக்கு நல்ல சப்பாத்து வாங்கு.

6. எங்கள் வெயிலுக்கு வேறு கணக்கு. இதை நிதானமாக வாசி, ஏனென்றால் குளிர் நாட்டில் எழுதிய ஓட்டப் புத்தகங்களில் இதற்கு இரண்டு வரிதான் இருக்கும்.

உடம்பு சூடானால் இதயம் இரண்டு வேலை பார்க்க வேண்டும். ஓடும் கால்களுக்கு இரத்தம் அனுப்ப வேண்டும். சூட்டை வெளியே விடத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்வை போகப் போக இரத்தத்தில் நீர் குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தமும் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட இதயம் கூடுதல் தடவை அடிக்கிறது. அதனால்தான் நீ வேகத்தை ஒரு துளியும் கூட்டாமல் ஓடினாலும் முதல் பத்து நிமிடத்தில் 145 இருந்தது ஒரு மணி நேரம் போனதும் 160ஐத் தாண்டும். மார்கழி மழைக்குளிரில் நீ ஓடும் அதே தூரம், ஆடி மாதம் கச்சான் காற்று படுவான்கரைப் பக்கமிருந்து காய்ந்து வீசும்போது வேறொரு தூரம். விடியற்காலை குளிராக இருக்கிறதே என்றும் ஏமாறாதே. அந்த நேரம் வாவிக்கரையில் காற்று ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை உலராமல் வழியும். உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

உன் அக்கா இருக்கும் டோஹாவில் 2019 செப்டெம்பரில் உலக மெய்வல்லுநர் போட்டி நடந்தது. வெயிலுக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் வெப்பம் 30 பாகையைத் தாண்டி நின்றது, ஈரப்பதனும் கடுமை. தொடங்கியவர்கள் 68 பேர், அவர்களில் 28 பேர் முடிக்கவில்லை. உலகின் தேர்ந்த ஓட்டக்காரிகளைத்தான் சொல்கிறேன். வென்ற கென்யாவின் ரூத் செப்னகெட்டிச் எடுத்த நேரம் 2 மணி 32 நிமிடம் 43 செக்கன். அதே வருடம் ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2 மணி 17 நிமிடம் 8 செக்கன். கால் மணி நேரம் மெதுவாக ஓடித்தான் அவர் உலகப் பட்டம் எடுத்தார். அதே வருடம்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதனை வெப்பத்துக்காகச் சப்போரோவுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். வெக்கைக்கு இன்னொரு உதாரணம்: புதுக்கோட்டை ஓட்டக்காரர் லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 5000 மீற்றர், 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் எடுத்தார். 5000 மீற்றருக்கு அவர் எடுத்தது 14 நிமிடம் 54 செக்கன். அதைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாக ஓடக்கூடியவர் அவர். பதக்க ஓட்டத்தில் உபாயமும் உண்டு, அதையும் கணக்கில் எடு. என்றாலும் அந்த இரவுப் புழுக்கத்தில் தன் பழைய நேரத்தைத் துரத்தாமல் பக்கத்தில் ஓடுபவரைக் கவனித்தாரே, அதைப் படி.

ஆகவே எங்கள் ஊரில் வெக்கை நாட்களில் கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை வீட்டில் வைத்துவிட்டு வா. துடிப்பு ஏறினால் வேகத்தைக் குறை, குறைத்தும் ஏறினால் நட. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று எங்கள் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டுத் தாகத்தோடு ஓடியவர்களின் உதடு வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சைக் கேளாதே, தாகம் எடுத்தால் குடி. ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோரோ இளநீரோ நல்லது. ஓகஸ்ட் விடுமுறைக்குச் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உன் மச்சான்மாருக்கும் சொல்லி வை: வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே அங்கே ஓடிய வேகத்தில் இங்கே ஓடக் கூடாது.

7. மெதுவாக ஓட வெட்கப்படாதே. தொடங்கும் பொடியன்மார் ஓட்டத்தை விடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் வெட்கம். யாராவது பார்க்கிறார்கள் என்றால் காலை எட்டிப் போடுவார்கள். பாலத்தில் நிற்கிறவன் "நடக்கிறியா ஓடுறியா?" என்று கேட்டுவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது, பாய்ச்சல்தான். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்றுநர் தன் ஓட்டக்காரர்களுக்குக் கால் பங்கு முயற்சி, அரைப் பங்கு முயற்சி, முக்கால் பங்கு முயற்சி என்றுதான் வேலை கொடுத்தார். கையில் துடிப்புக் கருவி இல்லாத காலம். அவரிடம் பழகிய பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஒரே மாலையில் தங்கம் எடுத்தார்கள். 800 மீற்றர் ஓடுகிற ஸ்னெல்கூடக் கிழமைக் கணக்கில் நீண்ட தூரத்தைக் கதைத்துக்கொண்டே ஓடியவர். நீ கிழமையில் ஓடும் பெரும்பகுதி அப்படி இருக்கட்டும்: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வசனத்தை மூச்சு அறுபடாமல் சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடினால் உன் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்: கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம். இடையில் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது.

8. மணிக்கூடு சரியாகக் காட்டும்போதும் உடம்பும் எண்ணும் முரண்பட்டால், எது "மெதுவாகப் போ" என்கிறதோ அதைக் கேள். உடம்பு சுகம் என்கிறது, எண் வழக்கத்தைவிட மிக உயரம், மெதுவாகப் போ. எண் அமைதியாக இருக்கிறது, கால் ஈயமாகக் கனக்கிறது. அப்போதும் மெதுவாகப் போ. முதல் இரண்டு வருடத்துக்கு இந்த விதியை மீறாதே. பிறகு எப்போது மீறலாம் என்று உனக்கே தெரியும்.

9. மணலிலும் குறுகிய பாய்ச்சலிலும் எண்ணைத் தேடாதே. கல்லடிக் கடற்கரையின் இளகிய மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே வேகத்தைப் பார்த்தால் மனம் உடையும். மூச்சைப் பார். 200 மீற்றர் பாய்ச்சல்களில் இதயம் பின்னால்தான் வரும். நீ ஓடி முடித்து இடுப்பில் கை வைத்து நிற்கும்போது எண் உச்சிக்கு ஏறும். அந்த நேரத்தில் போர்க் அளவுகோலில் உன் 17ஐ நீயே அறிந்திருக்க வேண்டும். ஓய்வில் எண் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதை மட்டும் கவனி. மாதங்கள் போக அது சீக்கிரம் இறங்கினால் பயிற்சி சேர்கிறது என்று அர்த்தம்.

10. காய்ச்சலோடு ஓடாதே. சொல்லத் தேவையில்லை என்று நினைப்பாய். சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டி நெருங்கும்போது "சும்மா உடம்புச் சூடு" என்று சொல்லிக்கொண்டு சப்பாத்துப் போடுவார்கள். மனம் ஆசைப்பட்டால் உடம்பின் குரல் காதில் விழாது. உணர்வை மட்டும் நம்புவதில் இருக்கும் ஆபத்து அதுதான். அங்கே கொப்பிதான் உனக்குச் சாட்சி. உன் காலைத் துடிப்பு வழக்கமாக 58 என்று இருந்து, இன்று 70 என்றால், காரணம் தெரியும்வரை ஓடாதே. நித்திரைக் குறைவாக இருக்கலாம், நீர் குறைந்திருக்கலாம், துக்கமாகவும் இருக்கலாம், வரப்போகும் காய்ச்சலாகவும் இருக்கலாம். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொடும். அந்த நேரத்தில் இதயத்தை விரட்டுவது விளையாட்டல்ல. மழை முடிந்து நுளம்பு பெருகும் மாதங்களில் காய்ச்சல் வந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை. டெங்கு வந்து எழும்பியவன் வைத்தியர் சொல்லும்வரை ஓடவே கூடாது.

உன் தங்கச்சியும் ஓட ஆசைப்படுகிறாள் என்று கேள்விப்பட்டேன். கட்டாயம் கூட்டி வா. அவளுக்கு மாதத்தின் சில நாட்களில், முக்கியமாக மாதவிடாய்க்கு முந்திய நாட்களில், துடிப்பு கொஞ்சம் உயர்ந்திருக்கும், அது இயல்பு. ஆனால் இலேசான ஓட்டத்திலேயே எப்போதும் இதயம் படபடக்கிறது, படி ஏறினாலும் இளைக்கிறது என்றால், சோம்பேறி என்று சொல்லிவிடாதே. இரும்புச்சத்துக் குறைந்து இரத்தம் வெளுத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு சின்னப் பரிசோதனையில் தெரியும், மருந்தும் உண்டு. எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் "பிஞ்சில் களைத்தவள்" என்று மைதானத்திலிருந்து அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

11. போட்டி நாளில் நிற்கத் தெரிந்திரு. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் பாடசாலைகளில் மரதன் வைப்பார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர்க் கழகங்கள் வைக்கும். தூரம் ஐந்தோ பத்தோ கிலோமீற்றராக இருந்தாலும் எங்களுக்கு அதன் பெயர் மரதன்தான். மாதக்கணக்கில் ஓடாத பிள்ளைகள் அன்று காலை எழும்பி, இல்லத்தின் மானத்துக்காக வெயிலில் ஓடுவார்கள். 2024 மார்ச்சில் கீழே திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய பதினாறு வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கிழக்குக் கரை முழுக்க அன்று அழுதது. அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஓடப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நிற்பது எப்படி என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டும் எனக்குண்டு. அதனால் உனக்குச் சொல்கிறேன்.

தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே பதற்றத்தில் துடிப்பு இருபது, முப்பது ஏறியிருக்கும். ஆகவே முதல் கிலோமீற்றரில் எண்ணை நம்பாதே, மூச்சை நம்பு. நடுவழியில் நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால், கண் இருண்டால், வெயிலில் குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்தால், காலடி தள்ளாடினால், இடம் எதுவென்று மறந்தால், அந்த இடத்திலேயே நில். நிழலுக்குப் போ, ஆளைக் கூப்பிடு. முடிக்க நூறு மீற்றர்தான் இருக்கிறது என்றாலும் நில். பக்கத்தில் ஓடுபவன் அப்படித் தள்ளாடினால் உன் ஓட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பிடி. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, வைத்தியசாலைக்கு ஆள் அனுப்பு. நினைவு தடுமாறியவனின் வாயில் தண்ணீர் ஊற்றாதே. அன்று உன் இல்லம் தோற்றால் தோற்கட்டும். நீ செய்ததைப் பார்த்த பிள்ளைகள் அதை வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்திருப்பார்கள்.

12. தலை நிமிர்ந்து ஓடு. பிரதான வீதியில் பஸ் வரும், ஒழுங்கைக்குள் இருந்து மோட்டார் சைக்கிள் வரும். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால் மாடுகள் வீதிக்குச் சொந்தக்காரர். வெல்லாவெளிப் பக்கம் விடியலிலும் பொழுது படும்போதும் யானை நிற்கும். மணிக்கூட்டில் கண் வைத்து ஓடுகிறவனுக்கு இதொன்றும் தெரியாது. கிலோமீற்றருக்கு ஒரு தடவை பார்த்தால் நிறைய.

13. கிழமையில் ஒரு நாள் மணிக்கூட்டை வீட்டில் விடு. அன்று ஓடி வந்து, கொப்பியில் போர்க்கின் எண்ணை மட்டும் எழுது. மற்ற நாட்களின் எண்களைக் கூட்டாளிகளுக்கு அனுப்புவதையும் குறைத்துக்கொள். பிறருக்குக் காட்ட ஓடுகிறவன், இலேசாக ஓட வேண்டிய நாளிலும் பாய்ந்துவிடுவான். உடம்பு அதை மூன்று மாதம் பொறுக்கும், நான்காவது மாதம் முழங்காலிலோ கெண்டைக்காலிலோ கேட்கும். உண்மையாக எழுதிய கொப்பி ஒன்று உன்னிடம் இருந்தால், நீ களைத்த நாளில் களைத்தேன் என்று எழுதியிருப்பாய். அந்தத் தைரியம் வந்துவிட்டால் எண்ணைப் பார்த்து ஓடினாலும் சரி, உடம்பைக் கேட்டு ஓடினாலும் சரி.

14. அப்பாவையும் கூட்டி வா. அவர் பிரஷருக்குக் குளிசை எடுப்பது எனக்குத் தெரியும். அற்றனலோல், பிசோப்ரலோல் போன்ற சில குளிசைகள் இதயத்துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். அவர் இளைத்துப்போய் நிற்கும்போதும் மணிக்கூடு 105 என்று காட்டும். அதைப் பார்த்து "இன்னும் வேகமா நடங்க அப்பா" என்று சொல்லிவிடாதே. அவருக்கு எண் உதவாது, போர்க்கின் அளவுகோல் உதவும். 11 அல்லது 12 என்று அவர் வாயால் சொல்லும் வேகத்தில் நடக்கட்டும், கதைத்துக்கொண்டே நடக்கட்டும். முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம், நடக்கலாமா, எவ்வளவு நடக்கலாம் என்று கேட்கச் சொல். குளிசையைத் தானாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது. கிளினிக் முடிந்த பிறகு வருகிற ஞாயிறு, வெள்ளன ஐந்தரைக்கு, கல்லடிப் பழைய பாலத்தடிக்கு இரண்டு பேரும் வாருங்கள். அந்தப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லை, அவர் நடக்க வசதி. நீ அவரோடு ஒரு சுற்று நடந்துவிட்டு ஓடலாம். தண்ணீர்ப் போத்தல் நான் கொண்டுவருகிறேன்.